தக்கோலப் போர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கோலம் என்று பேச்செடுத்தாலே அதே பத்துப் பதினைந்து கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நாவல் வாசித்துவிட்டு வருபவர்கள் ஒரு மாதிரியும், பரீட்சைக்குப் படிப்பவர்கள் ஒரு மாதிரியும் கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து இங்கே பதில். கல்வெட்டும் செப்பேடும் சொல்வதை முதலில் வைத்து, என் கணிப்பு எங்கே வருகிறதோ அங்கே அது என் கணிப்பு என்று சொல்லிவிடுகிறேன்.

யாருக்கும் யாருக்கும் நடந்த போர் இது?

சோழருக்கும் இராஷ்டிரகூடருக்கும். ஒரு பக்கம் முதலாம் பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன். மறுபக்கம் மான்யகேடத்திலிருந்து தக்காணத்தை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணன், அவனுடைய சகோதரியின் கணவனான கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். இடம், இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தில் அரக்கோணத்துக்கு அருகே இருக்கும் தக்கோலம். ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான், சோழப்படை உடைந்தது, தொண்டைமண்டலம் கைவிட்டுப் போனது.

ராஜராஜன் எந்தத் தலைமுறை என்று கேட்பவர்களுக்கு: ராஜாதித்தன் ராஜராஜனுடைய தாத்தா அரிஞ்சயனின் அண்ணன்.

949 என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் ஆதகூர் என்ற ஊரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டு ஒன்று, சக ஆண்டையும் சௌமிய வருடத்தையும் சேர்த்துக் குறிப்பிட்டு, பூதுகன் ராஜாதித்தனைக் கொன்ற செய்தியைச் சொல்கிறது. கணக்குப் போட்டால் 949-50 வருகிறது. தமிழ்ப் பக்கத்திலும் துணை இருக்கிறது. வேலூர்ப் பக்கத்துச் சோழபுரத்தில் சக 871 என்ற ஆண்டோடு ஒரு கல்வெட்டு உண்டு. கன்னரதேவன் ராஜாதித்தனை வீழ்த்தித் தொண்டைமண்டலத்துக்குள் நுழைந்ததை அது குறிப்பிடுகிறது. சக ஆண்டோடு 78 கூட்டினால் 949.

தமிழ்க் கல்வெட்டுகளில் 'கன்னரதேவன்' என்று கண்டால் அது கிருஷ்ணன்தான். கிருஷ்ணன் கன்னடத்தில் கன்னரன் ஆகி, அங்கிருந்து நம்மூர்க் கல்லில் ஏறியிருக்கிறான்.

இரு வம்சத்துக்கும் பகை எப்படி மூண்டது?

கல்யாணத்தில் தொடங்கியது என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அப்படித்தான். பராந்தகனின் தகப்பன் முதலாம் ஆதித்தன், இராஷ்டிரகூட மன்னன் இரண்டாம் கிருஷ்ணனின் மகள் இளங்கோன் பிச்சியை மணந்திருந்தான். ஆதித்தனுக்குக் கன்னரதேவன் என்றொரு மகனும் இருந்தான். பெயரே தாய்வழித் தாத்தாவின் பெயர். 907-ல் அரியணை பராந்தகனுக்குப் போனது. பேரனுக்குக் கிடைக்க வேண்டியது போய்விட்டது என்று தாத்தா படையெடுத்தார் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 911 வாக்கில் வல்லாளம் என்ற இடத்தில் போர். அது இன்றைய திருவல்லம். பராந்தகன் ஜெயித்தான். அவனுக்குத் தோள் கொடுத்தவன் கங்கர் குலத்து இரண்டாம் பிருதிவீபதி.

இந்த வெற்றிக்குப் பின் பராந்தகன் செய்ததுதான் பின்னால் வினையாக முளைத்தது. வடக்கு எல்லையில் காலங்காலமாக இருந்த வாணர்களை வேரோடு பிடுங்கினான். வைதும்பர்களையும் விரட்டினான். வாணரின் நாட்டையும் 'வாணாதிராஜன்' என்ற பட்டத்தையும் பிருதிவீபதிக்குக் கொடுத்ததைச் சோளிங்கர் கல்வெட்டு சொல்கிறது. நாடு இழந்தவர்கள் எங்கே போவார்கள்? நேரே இராஷ்டிரகூட அரண்மனைக்கு. கிருஷ்ணனுக்குத் தொண்டைமண்டலத்தின் ஒவ்வொரு வழியும் துறையும் தெரிந்த, பழி தீர்க்கக் காத்திருந்த ஆட்கள் கையில் கிடைத்தார்கள்.

940 வாக்கில் பிருதிவீபதி இறந்துபோனான். பராந்தகனுக்கு வடமேற்கில் இருந்த ஒரே மதிலும் சாய்ந்தது.

பூதுகன் கங்க மன்னன் என்றால் பிருதிவீபதியும் கங்கன்தானே? ஒரே குலம் இரண்டு பக்கமுமா?

ஆமாம். கங்கர் குலத்தில் கிளைகள் உண்டு. பிருதிவீபதியின் கிளை சோழரோடு. தலைக்காட்டு மூலக்கிளையில் அண்ணன் ராசமல்லனை ஒழித்துவிட்டுப் பூதுகன் பட்டத்துக்கு வந்தான், அதற்குக் கைகொடுத்தவன் கிருஷ்ணன். கிருஷ்ணனின் சகோதரி ரேவகநிம்மடி பூதுகனின் மனைவி. ஆக, பூதுகன் மைத்துனனுக்குக் கடன்பட்டவன். தக்கோலத்தில் அந்தக் கடனை அடைத்தான்.

அப்படியென்றால் இது தமிழர்-கன்னடர் போர் என்பது சரிதானா?

சரியில்லை. கிருஷ்ணனோடு நின்றவர்களில் தொண்டைநாட்டு எல்லையில் ஆண்ட வாணர்கள் உண்டு. ராஜாதித்தனின் படைத்தலைவன் கேரளத்துக்காரன். கங்கர் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறார்கள். போரின் சிறந்த சாட்சியமே ஒரு கன்னடக் கல். இன்றைய மாநில எல்லைகளை 949-க்குள் கொண்டுபோய்ச் சண்டை போடுவது இணையத்தில் நன்றாக ஓடுகிறது, கல்வெட்டில் ஓடாது.

ராஜாதித்தன் போருக்கு முன் எங்கே இருந்தான்?

திருமுனைப்பாடி நாட்டில், திருநாவலூரில். சுந்தரர் பிறந்த ஊர், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம். அந்த ஊருக்கே ராஜாதித்தபுரம் என்ற பெயர் விழுந்தது. அங்குள்ள கல்வெட்டுகளில் அவனுடைய சேவகர்கள், அவன் தாய் கோக்கிழானடிகளின் பரிவாரத்தார் விளக்குக்கு ஆடும் பொன்னும் கொடுத்த செய்திகள் வருகின்றன. மலைநாட்டுச் சேவகர்களின் பெயர்களும் உண்டு. ஓரிரு மாதம் கூடாரம் அடித்துத் தங்கிய படை இப்படித் தடம் விட்டுப் போகாது. பல ஆண்டுகள் குடும்பமும் ஆட்களுமாகத் தங்கியிருந்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து அடி விழப்போகிறது என்று பராந்தகனுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திருநாவலூர் பெண்ணையாற்றுப் பக்கம். தக்கோலம் காஞ்சிக்கும் வடக்கே. எதிரி வந்த வழி வேறு, காவல் வைத்த இடம் வேறு. ராஜாதித்தன் தொண்டைமண்டலம் முழுக்கக் கடந்து வடக்கே போய்ச் சண்டை போட வேண்டியிருந்தது.

வீராணம் ஏரியை வெட்டியது ராஜாதித்தனின் படையா?

எல்லோரும் ஆசையோடு கேட்கும் கேள்வி. போருக்குக் காத்திருந்த வீரர்கள் சும்மா இருக்காமல் ஏரி வெட்டினார்கள் என்ற கதை அழகானது, பலரும் அதை வரலாறாகவே எழுதுகிறார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது பெயர் மட்டும்தான்: வீரநாராயணன் என்பது பராந்தகனின் பட்டப்பெயர், இன்றைய காட்டுமன்னார்கோயில் அந்நாளில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம், வீரநாராயண ஏரி பேச்சு வழக்கில் வீராணம் ஆனது. பராந்தகன் காலத்து ஏரி என்பதில் தவறில்லை. மண்வெட்டியைப் பிடித்தது போர்வீரனா குடியானவனா என்பது கதை சொல்பவரின் பாடு.

எத்தனை லட்சம் வீரர்கள் மோதினார்கள்?

எந்தக் கல்லிலும் கணக்கு இல்லை. காணொளிகளில் வரும் எண்களெல்லாம் யாரோ ஒருவர் போட, அடுத்தவர் பார்த்து எழுதியவை. எண் சொல்கிறவரிடம் எந்தக் கல்வெட்டு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ராஜாதித்தன் எப்படி இறந்தான்? அம்பா, குத்துவாளா?

இங்கேதான் இரண்டு தரப்பும் இரண்டு விதமாகப் பேசுகின்றன.

சோழர் தரப்பில் ஆனைமங்கலச் செப்பேடுகள். நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்றும் சொல்வார்கள். அவற்றின் வடமொழிப் பகுதியில் ராஜாதித்தன் பற்றி வரும் செய்தி இது: அசைக்க முடியாத கிருஷ்ணராஜனைப் போர்க்களத்தில் அசைத்துக் காட்டினான், யானையின் முதுகில் இருந்தபோது கூரிய அம்புகள் நெஞ்சைப் பிளந்தன, அங்கிருந்தே விமானமேறி வீரசொர்க்கம் போனான். தோல்வி என்ற சொல்லே வராது. செப்பேடு எழுதப்பட்டது போருக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, சோழர் உச்சத்தில் இருந்தபோது. குடும்பத்து மூத்தவர் மரணத்தைப் பேரப்பிள்ளைகளின் அரசவைப் புலவர் பாடினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது.

ஆதகூர்க் கல்வெட்டில் விமானமெல்லாம் இல்லை. ராஜாதித்தன் அமர்ந்திருந்த அம்பாரியையே களமாக்கி, பூதுகன் சுரிகையால் குத்திக் கொன்றான் என்கிறது. சுரிகை என்றால் குறுவாள். கைக்கெட்டும் தூரத்தில் நடந்த கொலை.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழியில்லையா என்றால், இருக்கிறது. முதலில் அம்பு பாய்ந்திருக்கலாம், தளர்ந்தவன்மேல் பூதுகன் யானைமேல் யானையாக நெருங்கி ஏறியிருக்கலாம். இது என் ஊகம். ஆதகூர்க் கல் போர் நடந்த சூட்டோடு, களத்தில் நின்ற ஒருவனுக்காக வெட்டப்பட்டது என்பதால் எனக்கு அதன்மேல் சாய்வு அதிகம். அம்பாரியைச் சொல்லும் அந்த ஒற்றைச் சொல் ஒரு ஆள் பார்த்துச் சொன்னது போல இருக்கிறது.

பூதுகன் தழுவுவதுபோல் நடித்து வஞ்சகமாகக் கொன்றான் என்கிறார்களே?

அது ஒரு எழுத்துப்பிழையிலிருந்து கிளம்பிய பழி. ஆதகூர்க் கல்வெட்டை முதலில் பதிப்பித்தபோது 'களம்' என்று படிக்க வேண்டிய இடத்தைக் 'கள்ளம்' என்று பொருள்படும்படி படித்துவிட்டார்கள். தழுவி, கள்ளத்தனமாகக் குத்தினான் என்று மொழிபெயர்ப்பு போனது. பிறகு வாசகம் திருத்தப்பட்டது, ஆனால் பழைய புத்தகங்களிலிருந்து பழி இறங்கவில்லை. ஒரு ளகரம் பூதுகனை ஆயிரம் ஆண்டு கழித்துத் துரோகியாக்கிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். தன் தலைவன் வஞ்சகமாகக் கொன்றான் என்று அவனுடைய ஆளே பெருமையாகக் கல்லில் வெட்டிவைப்பானா?

ஆதகூர்க் கல் ஒரு நாய்க்கு வைத்த நடுகல் என்பது உண்மையா?

உண்மை. தென்னிந்திய வரலாற்றின் பெரிய போர் ஒன்றுக்கு நமக்குள்ள நேரடிச் சாட்சி ஒரு வேட்டை நாயின் நினைவுக்கல்.

பூதுகனிடம் மணலேரன் என்ற வீரன் இருந்தான். தக்கோலத்தில் அவன் சோழப்படையை எதிர்த்துப் போட்ட சண்டையைப் பார்த்து மனம் மகிழ்ந்து, என்ன வேண்டும் கேள் என்றபோது, அவன் பொன் கேட்கவில்லை. காளி என்ற பெயருடைய நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு மலைச்சரிவில் பெரிய காட்டுப்பன்றிமேல் காளியை ஏவிவிட்டார்கள். நாயும் பன்றியும் ஒன்றையொன்று குதறி, இரண்டும் செத்து விழுந்தன. மணலேரன் ஆதகூரில் சல்லேஸ்வரர் கோயிலுக்கு எதிரே கல் நட்டு, அதற்குப் பூசை நடக்க நிலமும் விட்டான். கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிடும் பூசாரிக்கு அந்த நாய் செய்த பாவமெல்லாம் வந்து சேரும் என்று சாபமும் எழுதிவைத்தான்.

கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேலே நாயும் பன்றியும் மோதும் சிற்பம். பன்றி பருத்த உடம்போடு நிற்க, நாய் அதன்மேல் பாய்கிறது. சுற்றிலும் நெருக்கமாகக் கன்னட எழுத்து. ராஜாதித்தன் பெயர் அந்த எழுத்துக்கு நடுவே எங்கோ இருக்கிறது. கடந்து போகிறவர்கள் நாயைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பூதுகனுக்கு என்ன கிடைத்தது என்பதும் அதே கல்லில் உண்டு: பனவாசி 12000, பெள்வொலம் 300, புரிகெரே 300, கிசுகாடு 70, பாகெநாடு 70. எண்கள் நாட்டுப் பிரிவுகளின் பெயரோடு ஒட்டி வருபவை. ஒரு சோழ இளவரசனின் உயிருக்கு மைத்துனன் கொடுத்த விலை இது. மணலேரனுக்கு ஆதகூரைச் சேர்ந்த பன்னிரண்டு ஊர்களும் வந்தன.

'யானைமேல் துஞ்சிய தேவர்' என்பது ராஜாதித்தனா, ராஜாதிராஜனா?

இருவரும். பரீட்சையில் பலர் கோட்டைவிடும் இடம்.

துஞ்சுதல் என்றால் உறங்குதல். அரசர் செத்தார் என்று கல்வெட்டில் எழுத மாட்டார்கள், இன்ன இடத்தில் துஞ்சினார் என்பார்கள். முதலாம் ஆதித்தன் தொண்டைமானாற்றூர்த் துஞ்சினவன், அரிஞ்சயன் ஆற்றூர்த் துஞ்சினவன், சுந்தர சோழன் காஞ்சியில் பொன்மாளிகைத் துஞ்சினவன். ராஜாதித்தன் 949-ல் தக்கோலத்தில் ஆனைமேல் துஞ்சினான். ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜன் 1054-ல் கொப்பத்தில், மேலைச் சாளுக்கியரோடு நடந்த போரில் யானைமேல் துஞ்சினான். சம்பவம் ஒன்றுதான், இடைவெளி 105 ஆண்டு.

ஆனால் முடிவு நேர்மாறு, இந்தப் பக்கத்தில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது அதைத்தான். கொப்பத்தில் ராஜாதிராஜன் விழுந்ததும் சோழப்படை கலைந்தது. பின்னால் நின்ற தம்பி இரண்டாம் ராஜேந்திரன் முன்னே வந்து, களத்திலேயே முடி சூடி, படையைத் திருப்பிப் போரை ஜெயித்தான். தக்கோலத்தில் அப்படி முன்னே வர ஆளில்லை. கிழத்தந்தை தூரத்தில். பட்டத்துக்குரியவனே படைத்தலைவன், அவனும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி யானையின் மேல். குடையும் கொடியும் சாய்ந்தால் அரை மைல் தூரத்தில் நிற்கிறவனுக்கும் செய்தி போய்விடும். தக்கோலத்தில் சோழர் தோற்றது வீரம் இல்லாததால் அல்ல, அடுத்த ஆளை நிறுத்தாததால். நூறாண்டு கழித்து அந்தக் குடும்பம் இதைத் திருத்திக்கொண்டது என்பது என் எண்ணம். கொப்பத்துக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்தே போனார்கள்.

கிருஷ்ணன் தஞ்சாவூரைப் பிடித்தானா?

'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' என்று அவனுடைய தமிழ்க் கல்வெட்டுகள் ஓயாமல் சொல்கின்றன. காஞ்சியைக் கொண்டான் என்பதில் ஐயமில்லை. தஞ்சைதான் இடிக்கிறது. அவன் கல்வெட்டுகள் பழைய வடாற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டுப் பகுதிகளில் மலிந்து கிடக்கின்றன. காவிரிக் கரையின் சோழ நடுநாட்டில் காணோம். ஒரு முறை ஓடிப்போய்த் தொட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆண்டான் என்று சொல்ல ஆதாரமில்லை. கிருஷ்ணன் வெளியிட்ட கர்ஹாட் செப்பேடுகள் இன்னும் ஒரு படி மேலே போய், பாண்டியரையும் சேரரையும் சிங்களரையும் திறை கட்டவைத்து ராமேஸ்வரத்தில் வெற்றித்தூண் நட்டதாகச் சொல்கின்றன. அரசர் புகழ் பாடும் நம்ம மெய்க்கீர்த்திகளும் இதற்குக் குறைந்தவை அல்ல.

தோல்விக்குப் பின் தொண்டைமண்டலத்து மக்கள் நிலை?

கல்வெட்டுகளைப் பார்த்தால் கோயிலில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சபை கூடியது, நிலம் விற்றார்கள், ஆடு விட்டார்கள். தலைப்பில் மட்டும் பராந்தகன் ஆண்டு போய்க் கன்னரதேவன் ஆண்டு வந்தது. மொழி தமிழே.

959-ல் கிருஷ்ணன் மேல்பாடியில் பாசறை இறங்கியிருந்தான். அங்கிருந்தபடிதான் பிடித்த நாடுகளைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தான். மேல்பாடி இன்று வேலூர் மாவட்டத்தில் பொன்னையாற்றங்கரையில் அமைதியாக இருக்கும் ஊர். அதே ஊரில்தான் பிற்பாடு ராஜராஜன் தன் தாத்தா அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்தவர் நினைவுக் கோயில், எடுத்தான். எதிரி பாசறை போட்ட இடத்தில் குடும்பத்தின் கோயில். வேண்டுமென்றே செய்தானா என்பதற்குக் கல்வெட்டில் பதில் இல்லை. எனக்கு அந்தக் கோயிலைப் பார்க்கும்போதெல்லாம் வேண்டுமென்றே செய்ததாகத்தான் தோன்றும்.

வெள்ளங்குமரன் யார்? துறவியாகிவிட்டார் என்கிறார்களே?

கேரளத்துப் புத்தூர்க்காரன், ராஜாதித்தனின் படைத்தலைவன். பெண்ணையாற்றங்கரையில் இன்று கிராமம் என்றே பெயருள்ள ஊரில் சிவனுக்குக் கற்றளி எடுத்தான். பராந்தகனின் 36-ஆம் ஆண்டில் வெட்டிய அந்தக் கல்வெட்டில் கலியுகம் பிறந்து எத்தனையாவது நாள் என்பதுகூட இருக்கிறது: 14,77,037. இந்த நாளை இன்றைய நாட்காட்டிக்கு மாற்றினால் 943 ஜனவரி. சோழர் காலவரிசையை நிறுத்திவைக்க இந்த ஒரு எண் செய்த உதவி பெரிது.

அடுத்த கதை திருவொற்றியூரில். அங்கே சதுரானன பண்டிதர் என்ற மடத்துத் தலைவரின் கல்வெட்டு, அவர் தன் வாழ்க்கையைச் சொல்கிறது. கேரளத்தில் பிறந்தவர், கலைகள் கற்றவர், சோழநாடு வந்து ராஜாதித்தனுக்கு உற்ற படைத்தலைவரானவர். தலைவன் செத்த களத்தில் தானும் கூடவே சாகும் பேறு வாய்க்கவில்லை. அந்த வெட்கத்தில் உலகத்தை வெறுத்துக் கங்கையில் நீராடி, திருவொற்றியூர் வந்து நிரஞ்சன குருவிடம் துறவு பெற்றார். பிறகு 100 நிஷ்கம் பொன் கொடுத்து இறைவனுக்குச் சிறப்புப் பூசைக்கு ஏற்பாடு செய்தார்.

வெள்ளங்குமரனும் சதுரானனரும் ஒருவரே என்று ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள். நாடும் பதவியும் தலைவனும் பொருந்துவதால் எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

நெஞ்சில் தைப்பது கல்வெட்டின் தலைப்பு. அதில் இருப்பது மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டு. தன் தலைவனைக் கொன்றவர்களின் அரசனுடைய பெயரை மேலே போட்டுத்தான் அந்த மனிதர் தன் துக்கத்தைக் கீழே எழுத முடிந்தது.

சோழர் மறுபடி எழ எவ்வளவு காலம் பிடித்தது?

முப்பது ஆண்டுக்கு மேல். பராந்தகன் மகனைப் பறிகொடுத்த சில ஆண்டுகளில் போய்ச் சேர்ந்தான். கண்டராதித்தன், அரிஞ்சயன் என்று ஆட்சிகள் வேகமாக மாறின. 'மதுரை கொண்ட' என்று பராந்தகன் பெருமை பேசிய மதுரையில் வீரபாண்டியன் 'சோழன் தலைகொண்ட' என்று பட்டம் போட்டுக்கொண்டான். சுந்தர சோழன் காலத்தில்தான் மூச்சு வந்தது. அவன் மகன் இரண்டாம் ஆதித்தன் சேவூரில் வீரபாண்டியனை முறியடித்தான், தொண்டைமண்டலமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. 985-ல் ராஜராஜன் பட்டத்துக்கு வந்தபோது கையில் ஒரு முழு நாடு இருந்தது.

இராஷ்டிரகூடருக்கு இந்த வெற்றியால் என்ன லாபம்?

நீடித்த லாபம் ஒன்றுமில்லை. 967-ல் கிருஷ்ணன் இறந்தான். 972-ல் பரமார மன்னன் சீயகன் மான்யகேடத்துக்குள் புகுந்து சூறையாடினான். 973-ல் அவர்களுடைய கீழ்ச்சிற்றரசனாக இருந்த சாளுக்கியன் தைலபன் அரியணையைப் பிடுங்கிக்கொண்டான். தக்கோலத்துக்கும் இதற்கும் இடையே 24 ஆண்டுதான். தெற்கே ஆளையும் பொன்னையும் கொட்டியவன் வடக்கு வாசலைத் திறந்துபோட்டுவிட்டான் என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஊர்களைத் தளபதிகளுக்கு வாரிக் கொடுத்ததும் சேர்ந்துகொண்டது.

ராஜாதித்தன் பிழைத்திருந்தால்?

ராஜராஜன் இருந்திருப்பான், அரசனாகியிருப்பானா என்பதுதான் சந்தேகம். மூத்தவன் செத்ததால் அரியணை இரண்டாவது மகன் கண்டராதித்தனுக்குப் போனது. அவன் மகன் உத்தமன் சிறுபிள்ளை என்பதால் தம்பி அரிஞ்சயனுக்கு வந்து, அவன் வழியே சுந்தர சோழனுக்கும் ராஜராஜனுக்கும் இறங்கியது. பூதுகனின் சுரிகை குத்தியது ஒரு ஆளை, திருப்பியது வம்சத்தின் கிளையை. இதற்கு மேல் கற்பனையை நாவலாசிரியர்களிடம் விட்டுவிடலாம்.

தக்கோலத்தில் இப்போது பார்க்க என்ன இருக்கிறது?

போர்க்களம் என்று பலகை வைத்த இடம் எதையும் தேடாதீர்கள். சண்டை எந்த வயலில் நடந்தது என்று காட்ட முடியாது. பார்க்க வேண்டியது ஜலநாதீஸ்வரர் கோயில். தேவாரத்தில் இது திருவூறல், சம்பந்தர் பாடிய தலம். நந்தி வாயிலிருந்து நீர் ஊறிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். கோட்டத்தில் இருக்கும் தட்சிணாமூர்த்தி வழக்கமான கோலத்தில் இல்லாமல் காலை மடித்துக் குந்தியபடி, தலையைச் சற்றே சாய்த்திருப்பார். அவருக்காகவே வருகிறவர்கள் உண்டு. சுவரில் முதலாம் ஆதித்தன், பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, அதாவது போருக்கு முந்தியவை. ராஜாதித்தன் வந்து நின்றபோது அந்த எழுத்துகள் புத்தம் புதியதாக இருந்திருக்கும்.

அரக்கோணத்திலிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ போய்விடலாம். போகிற வழியில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் வரும். 2025-ல் அதற்கு ராஜாதித்தன் பெயரை வைத்தார்கள். காலையிலேயே போங்கள், நடை சாத்துவதற்குள் சுவரை ஒரு சுற்று நிதானமாகப் பார்த்துவிடலாம்.